வானம் பார்த்த காடு

“ஏன்டி தேவாங்கு மாதிரி முழிக்கறே?”

வகுப்பில் கூடப் படிக்கிற பெண் ஒருத்தி எங்கள் பாப்பாவைப் பார்த்துக் கேட்டிருக்கிறாள். பாப்பாவுக்குக் கொஞ்சம் பெரிய கண். சாயங்காலம் வீட்டுக்கு வந்து பையை இறக்கி வைத்ததும் வைக்காததுமாக என்னிடம் கேட்டாள்: “அம்மா, தேவாங்கு அவ்வளவு அசிங்கமாவா இருக்கும்?”

எனக்குப் பதில் தெரியவில்லை. 43 வயதாகிறது. சின்ன வயதில் என்னையும் அக்காவையும் அம்மா அந்த வார்த்தையால் எத்தனையோ தடவை திட்டியிருக்கிறாள். நானும் பாப்பாவை ஒன்றிரண்டு முறை சொல்லியிருப்பேன். ஆனால் தேவாங்கை நான் பார்த்ததில்லை. அம்மாவும் பார்த்ததில்லை. தெருவில் நான் கேட்ட யாருமே பார்த்ததில்லை. ஒருவரும் கண்ணால் காணாத ஒரு உயிரை, தலைமுறை தலைமுறையாக வசவுக்கு மட்டும் எடுத்துப் புழங்கியிருக்கிறோம். அன்றைக்குத்தான் அது எனக்கு உறைத்தது.

“தெரியலடா. போய்ப் பார்த்துட்டு வந்து சொல்லுவோமா?” என்றேன்.

அப்படி ஆரம்பித்ததுதான் எங்கள் முள்ளுக்காட்டுப் பயணங்கள். ஒன்றரை வருஷமாக, லீவு கிடைக்கிறபோதெல்லாம் போகிறோம்.

ஸ்ரீரங்கத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு நிலத்தைப் பற்றி ஒரு தீர்மானம் மனதில் உண்டு. தெற்கே காவிரி, வடக்கே கொள்ளிடம், நடுவே நாம். ஆடிப்பெருக்குக்கு அம்மா மண்டபம். பாலம் தாண்டி எந்தப் பக்கம் போனாலும் வாழையும் தென்னையும். நிலம் என்றால் பச்சையாக, ஈரமாக இருக்கவேண்டும் என்பது எங்களுக்குக் கூடவே பிறந்த எண்ணம். காடு என்றால் அது இன்னும் பச்சையாக இருக்கவேண்டும். ஆகவே கோடை விடுமுறையில் ஏழெட்டு மணி நேரம் வண்டியில் போய் முதுமலையையோ டாப்சிலிப்பையோ பார்த்துவிட்டு, “காடுன்னா இது காடு” என்று சொல்லித் திரும்புவோம். போகிற வழியில் மணப்பாறைக்கு அப்பால் ஜன்னலுக்கு வெளியே தெரிகிற கல்லையும் முள்ளையும் பார்த்து “பொட்டக்காடு” என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டுக் கண்ணை மூடிக்கொள்வோம்.

அந்தப் பொட்டக்காட்டில்தான் இந்தியாவின் முதல் தேவாங்கு சரணாலயம் இருக்கிறது.

2022 அக்டோபரில் தமிழ்நாடு அரசு அதை அறிவித்தது. பெயர் கடவூர் தேவாங்கு சரணாலயம். கரூர் மாவட்டத்தின் கடவூர் வட்டத்திலும், திண்டுக்கல் மாவட்டத்தின் வேடசந்தூர், திண்டுக்கல் கிழக்கு, நத்தம் வட்டங்களிலும் பரவியிருக்கும் 11,806 ஹெக்டேர் காடு. நூற்றுப் பதினெட்டு சதுர கிலோமீட்டர். செய்தி வந்த அன்று நான் பேப்பரில் படித்திருக்கவேண்டும், ஞாபகமில்லை. பாப்பா கேட்ட பிறகு தேடியபோதுதான், அது எங்கள் வீட்டிலிருந்து ரெண்டு மணி நேரத் தூரத்தில் இருப்பதே தெரிந்தது.

உடனே கிளம்பிவிடவில்லை. வீட்டுக்காரர் சொன்னார், “முதல்ல பக்கத்துல இருக்கறத ஒழுங்கா பாரு.” அவர் சொன்னது மேலூர் வண்ணத்துப்பூச்சிப் பூங்காவை. ஸ்ரீரங்கத்தின் மேற்கே, இரண்டு ஆறுகளுக்கும் நடுவில், மேலணை காப்புக்காட்டில் 25 ஏக்கர் பரப்பில் 2015 நவம்பரில் திறந்தார்கள். அங்கே நூறு வகைக்கு மேல் வண்ணத்துப்பூச்சிகளைப் பதிவு செய்திருக்கிறார்கள். திறந்த புதிதில் ஒருமுறை போய்ச் சிலைகள் முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டு வந்தது தவிர எனக்கு அந்த இடத்தோடு வேறு பழக்கமில்லை. இந்த முறை காலை எட்டரை மணி வெயிலுக்கே போனோம். வெயில் ஏறினால்தான் வண்ணத்துப்பூச்சி பறக்கும். அதன் உடம்பு சூடாகவேண்டும்.

பூப்பாத்தி ஓரத்தில் காய்ந்து கருத்துப்போன ஒரு கிலுகிலுப்பைச் செடியில் ஏழெட்டு நீல வரியன்கள் ஒட்டிக்கொண்டிருந்தன. பக்கத்திலேயே எத்தனையோ பூக்கள் இருக்க, காய்ந்த தண்டில் என்ன கிடைக்கிறது என்று பாப்பா கேட்டாள். பின்னால் படித்துத் தெரிந்துகொண்டேன். அந்தச் செடியில் இருக்கிற கசப்புச் சத்தை ஆண் பூச்சிகள் உறிஞ்சி உடம்பில் சேர்த்துவைக்கும். இணையைக் கவரும் வாசனையை அதிலிருந்துதான் தயாரிக்கும். பூவை விட்டுக் காய்ந்ததைத் தேடுகிற உயிரும் உண்டு. பருவத்துக்கேற்ப மேற்குத் தொடர்ச்சி மலைக்கும் கிழக்கே இருக்கும் சமவெளிக்குமாகக் கூட்டங்கூட்டமாகப் போய்வருகிறவை இந்த வரியன்கள். நடுவில் தங்க அவற்றுக்கு எருக்கும் கிலுகிலுப்பையும் முளைத்த தரிசு வேண்டும். மனைப்பிரிவு போட்டுச் சுத்தமாகச் செதுக்கிவிட்ட நிலத்தில் அவற்றுக்கு ஒன்றுமில்லை.

கடவூருக்கு மாசி மாதம் போனோம். திண்டுக்கல் சாலையில் கருமண்டபம் தாண்டியதுமே வாய்க்கால்கள் நின்றுவிடும். கொஞ்ச தூரத்தில் மண் சிவக்கும். நெல் போய்ச் சோளத்தட்டையும் எள்ளும் வரும். மணப்பாறையில் இறங்கி டீ குடித்து, முறுக்கு ரெண்டு பாக்கெட் வாங்கிக்கொண்டு, அங்கிருந்து மேற்கே திரும்பினோம். மலைக்கு இந்தப் பக்கம் பொன்னணியாறு அணை. அதன் தண்ணீரை நம்பி விதைக்கலாமா வேண்டாமா என்று வருஷா வருஷம் யோசிக்கிற ஊர்கள் இவை.

கடவூரின் அமைப்பு விசேஷமானது. சுற்றிலும் மலை, நடுவில் பள்ளம். கிண்ணத்துக்குள் ஊர்களை வைத்தது போல. மலை வளையத்தில் இடைவெளி இருக்கிற ஒருசில இடங்களில் மட்டும்தான் சாலை உள்ளே நுழைகிறது. நாங்கள் உள்ளே போனபோது மணி பதினொன்று. மலை முழுக்கச் சாம்பல் நிறம். ஒரு இலை இல்லை என்றே தோன்றியது. பாப்பாவின் முகத்தில் ஏமாற்றம். “எல்லாம் செத்துப் போச்சாம்மா?”

அங்கே எங்களுக்கு வழி காட்டியவர் வீட்டுக்காரருடைய அலுவலக நண்பரின் மாமனார். மலையடிவாரத்தில் நாலு ஏக்கர் வைத்திருக்கிறார். கடலையும் சோளமும் போடுகிறார். எழுபது வயதுக்கு மேல் இருக்கும். அவர் பாப்பாவின் கேள்வியைக் கேட்டதும் ஒரு மரத்தின் பட்டையை நகத்தால் லேசாகக் கீறிக் காட்டினார். உள்ளே பச்சை.

“செத்துப் போகல தாயி. தூங்குது. ஒரு கோடை மழை விழட்டும், எட்டாம் நாள் வந்து பாரு.”

அது கிளுவை. அதற்குப் பிறகு அவர் ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிக்கொண்டே நடந்தார். உசிலை, வெள்வேல், வேப்பாலை, காரை, சூரை, சங்கஞ்செடி, ஆவாரை, விராலி. எனக்கு ஆவாரை ஒன்றுதான் அடையாளம் தெரிந்தது. விராலியைக் காட்டியபோது, “இதனாலதான் விராலிமலைக்கு அந்தப் பேரு” என்றார். மயிலுக்காகவும் முருகனுக்காகவும் எத்தனையோ முறை விராலிமலைக்குப் போயிருக்கிறேன். அந்தப் பெயருக்குள் ஒரு செடி இருப்பது இந்த வயதில்தான் தெரிகிறது. பிசுபிசுப்பான இலை, கசக்கினால் ஒரு மருந்து வாசனை. ஈரம் ஆவியாகிப் போய்விடாமல் அந்தப் பிசின் இலையை மூடிக் காக்கிறது. இலையை உதிர்ப்பது ஒரு வழி, பிசின் பூசிக்கொள்வது ஒரு வழி, கள்ளி போல இலையே வைத்துக்கொள்ளாமல் தண்டில் தண்ணீரைச் சேமிப்பது இன்னொரு வழி. வருஷத்தில் பாதிக்கு மேல் மழையில்லாமல் வாழ இத்தனை உபாயம் தெரிந்த செடிகொடிகளைத்தான் நாம் “சும்மா முள்ளு” என்று சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

இந்த முள்ளில் தேவாங்குக்கு என்ன இருக்கிறது? சாப்பாடு இருக்கிறது. அதன் முக்கிய உணவு பூச்சி: எறும்பு, கரையான், வண்டு, வெட்டுக்கிளி. பாதுகாப்பும் இருக்கிறது. பகல் முழுக்க முள் அடர்ந்த கிளைகளுக்கு நடுவே பந்து போலச் சுருண்டு தூங்கும். வளர்ந்த தேவாங்கே கால் கிலோ அளவுதான் இருக்கும். ஒரு சாண் நீளம், வால் கிடையாது, குச்சி குச்சியாகக் கை கால். குரங்கு, மனிதன் எல்லோரும் சேர்ந்த அதே பெரிய குடும்பத்தின் பழைய கிளை அது. மடகாஸ்கரில் இருக்கும் லெமூர்களுக்கு உறவு. இந்தியாவிலும் இலங்கையிலும் மட்டும்தான் இந்தச் சாம்பல் தேவாங்கு உண்டு. இலங்கையின் தென்மேற்கில் மழை மிகுந்த பகுதியில் அதற்குச் செந்நிறத் தம்பி ஒருவனும் உண்டு. நம்முடையது வறண்ட காட்டையும் தன் வீடாக்கிக்கொண்டது.

அதைப் பற்றிப் படித்ததில் என் மனதை விட்டு நீங்காதது ஒரு விஷயம். குட்டி பிறந்து சில வாரம் வரை தாய் அதை வயிற்றோடு ஒட்டவைத்துக்கொண்டு திரியும். பிறகு இரை தேடப் போகும்போது ஒரு கிளையில் குட்டியை விட்டுவிட்டுப் போகும். குட்டி அங்கேயே பிடித்துக்கொண்டு அசையாமல் காத்திருக்கும். அது உயிரோடு இருப்பதற்கு அந்த முள் வேண்டும், அந்த இருட்டு வேண்டும்.

இன்னொன்று, தேவாங்கு தாவாது. கிளை விட்டுக் கிளைக்கு ஒரு குரங்கு பாய்வது போலப் பாயத் தெரியாது. ஒரு கையால் அடுத்த கொப்பைப் பிடித்த பிறகுதான் முந்தின கொப்பிலிருந்து காலை எடுக்கும். ஆகவே மரத்துக்கு மரம், புதருக்குப் புதர் கிளை தொட்டுக்கொண்டிருக்கவேண்டும். நடுவில் பத்தடி வெட்டவெளி வந்தால் தரையில் இறங்கித்தான் நடக்கவேண்டும். அங்கே நாய் இருக்கிறது, வண்டிச் சக்கரம் இருக்கிறது.

இதைப் பெரியவரிடம் சொன்னேன். அவருக்கு அது புதுச் செய்தியில்லை. “அதுக்குத்தான் வேலி” என்றார்.

அவருடைய நாலு ஏக்கரையும் சுற்றி உயிர்வேலி. கிளுவைப் போத்து நட்டு, நடுநடுவே திருகுக்கள்ளி, அதன்மேல் கோவைக்கொடியும் பிரண்டையும் ஏறி, ஆள் உயரத்துக்கு அடர்ந்து கிடக்கிறது. அவருடைய அப்பா காலத்தில் நட்டதாம். மலையடியில் தொடங்கும் அந்த வேலி, அடுத்த காட்டுக்காரர் வேலியோடு சேர்ந்து, அது அதற்கடுத்ததோடு சேர்ந்து, ஊர் எல்லை வரைக்கும் போகிறது. வெள்ளாட்டை உள்ளே விடாமல் தடுப்பதற்காக மனிதர்கள் வைத்தது. ராத்திரியில் அதுவே தேவாங்குக்குப் பாதை.

“இப்ப எல்லாரும் கல்லுக்கால் ஊனி கம்பி இழுக்கறாங்க. எம் மகனும் அதத்தான் சொல்றான். வேலியடி நிழல்ல நாலு சால் விளையறதில்லையாம். வாஸ்தவந்தான்.” கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. “நான் இருக்கற வரைக்கும் இருக்கட்டும்னு சொல்லிட்டேன்.”

சரணாலயத்துக்குள் நாங்கள் போகவில்லை. முதுமலை போல வண்டியில் உட்காரவைத்துச் சுற்றிக் காட்டுகிற ஏற்பாடு எதுவும் இங்கே கிடையாது. காப்புக்காட்டுக்குள் போக வனத்துறையின் அனுமதி வேண்டும். இரவில் வாழ்கிற ஒரு உயிருக்கான சரணாலயம் அப்படித்தான் இருக்கவேண்டும் என்பது என் கருத்து. அது நம் பொழுதுபோக்குக்காக ஒதுக்கிய இடமில்லை, நாம் ஒதுங்கிக்கொள்ளச் சம்மதித்த இடம்.

இருட்டும் வரை அவர் வீட்டுத் திண்ணையிலேயே இருந்தோம். கம்பஞ்சோறும் கருவாட்டுக் குழம்பும் வைத்தார்கள், எனக்காக மோர். ஏழு மணிக்கு மேல் வேலி ஓரமாக நடந்தோம். பெரியவர் கையில் டார்ச். அதன் முகத்தில் சிவப்புக் கண்ணாடித்தாளைக் கட்டியிருந்தார். வெள்ளை வெளிச்சம் பட்டால் அதற்குக் கண் கூசி நெடுநேரம் ஒன்றும் தெரியாமல் போய்விடும் என்று ஆராய்ச்சிக்கு வந்த பிள்ளைகள் சொல்லிக் கொடுத்ததாம். முக்கால் மணி நேரம் ஒன்றுமில்லை. பக்கியின் குரல், தூரத்தில் ஒரு நாய், எங்கள் காலடியில் சருகு. பிறகு வேலிக்குள்ளிருந்து மெல்லிய விசில் மாதிரி ஒரு சத்தம். அவர் நின்றார். கையைக் காட்டினார்.

இரண்டு சிவந்த கனல். அசையவில்லை. கண் பழகப் பழகத்தான் அவற்றைச் சுற்றி ஒரு சின்ன முகம் உருவானது. இரண்டு கண்களுக்கும் நடுவே வெள்ளைக் கோடு. ஒரு கை கிளுவைக் கொப்பைச் சுற்றியிருந்தது. குழந்தைகள் நம் விரலைப் பற்றிக்கொள்ளுமே, அந்த மாதிரி. அதுவும் எங்களைப் பார்த்தது. அரை நிமிஷம் இருக்கும். பெரியவர் டார்ச்சை அணைத்துவிட்டார். “போதும். அது சாப்பிடணும்” என்றார்.

திரும்பி வரும்போது பாப்பா என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: “அம்மா, அது முழிக்கல. கவனிக்குது.”

அந்தக் கண்ணுக்காகத்தான் அது இவ்வளவு காலம் கஷ்டப்பட்டிருக்கிறது. கண் மருந்துக்கு ஆகும், வசியத்துக்கு ஆகும் என்று பிடித்துக் கொன்றார்கள். குறி சொல்கிறவர்கள் கையில் வைத்துக்கொண்டு ஊர் ஊராகச் சுற்றினார்கள். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் புலியும் யானையும் இருக்கிற அதே முதல் அட்டவணையில் தேவாங்கும் இருக்கிறது. பிடித்தாலோ விற்றாலோ சிறை. ஆனால் சட்டம் ஆளைத்தான் தடுக்கும். வேலி போவதை அது தடுக்காது.

இங்கே எனக்கு ஒரு கோபம் இருக்கிறது, சொல்லிவிடுகிறேன். நம் அரசு வெளியிடுகிற தரிசு நில வரைபடத் தொகுப்பில் புதர்க்காடும் ஒரு வகைத் தரிசாகவே கணக்காகிறது. “தரிசு” என்று எழுதிவிட்டால் அந்த நிலத்துக்கு எதையாவது செய்தே ஆகவேண்டும் என்று எல்லோருக்கும் தோன்றிவிடுகிறது. ஆலை கொண்டுவரலாம், மனை போடலாம், ஒன்றும் இல்லையென்றால் மரமாவது நடலாம். மரம் நடுவது நல்ல காரியம்தானே என்பீர்கள். சாலை ஓரத்தில், பள்ளிக்கூடத்தில், குளக்கரையில் நல்ல காரியம். ஆனால் காரையும் சூரையும் அடர்ந்த மேட்டை இயந்திரம் வைத்து வழித்துவிட்டு, குழி தோண்டி, வரிசையாக ஆயிரம் கன்று நட்டால், அங்கே இருந்த காட்டை எடுத்துவிட்டுத் தோப்பு வைத்திருக்கிறோம். காடையும் கௌதாரியும் முயலும் தேவாங்கும் தோப்பில் குடியிருக்க வராது. நான் பார்த்த ஒரு இடத்தில் அப்படித்தான் நடந்திருந்தது. நட்ட கன்றுகளில் பெரும்பாலானவை அடுத்த சித்திரையிலேயே காய்ந்துபோயின.

ராஜஸ்தானின் ரந்தம்பூர் வறண்ட காடுதான். குஜராத்தின் கிர் வறண்ட காடுதான். சித்திரை, வைகாசியில் அவையும் இதே சாம்பல் நிறத்தில்தான் நிற்கும். அவற்றைத் தரிசு என்று யாரும் சொல்வதில்லை, ஏனென்றால் ஒன்றில் புலி இருக்கிறது, இன்னொன்றில் சிங்கம் இருக்கிறது. நம் பக்கம் தூத்துக்குடி மாவட்டத்து வல்லநாட்டில் வெளிமானுக்காக 1987ல் ஒரு சின்ன மலையைச் சரணாலயமாக்கினார்கள். அதுவும் முள்ளும் கல்லும்தான். பெரிய மிருகம் ஒன்று வந்து நின்று சிபாரிசு செய்தால்தான் முள்ளுக்காட்டுக்கு மரியாதை கிடைக்கிறது. கடவூரில் அந்தச் சிபாரிசைக் கால் கிலோ எடையுள்ள ஒரு உயிர் செய்திருக்கிறது. எனக்கு அது பெருமையாக இருக்கிறது.

கடவூருக்குப் பிறகு பாப்பா விடவில்லை. ஐப்பசியில், தீபாவளி கழிந்த வாரம், சிவகங்கை மாவட்டத்தில் வேட்டங்குடிக்குப் போனோம். திருப்பத்தூர் பக்கம் கொள்ளுக்குடிப்பட்டி என்ற ஊரை ஒட்டிய கண்மாய்கள் 1977 முதல் பறவைகள் சரணாலயம். பரப்பு 40 ஹெக்டேருக்கும் குறைவு. கண்மாய்க்குள் நிற்கும் கருவேல மரங்களில் நத்தைகுத்தி நாரையும் அரிவாள் மூக்கனும் நீர்க்காகமும் கூடு கட்டும். ஊர்க்காரர்கள் தீபாவளிக்குப் பட்டாசு வெடிப்பதில்லை. கல்யாணத்துக்கும் கோயில் திருவிழாவுக்கும்கூட வேட்டுச் சத்தம் கிடையாது. சட்டம் போட்டு யாரும் சொல்லவில்லை. பல பத்தாண்டுகளாக அவர்களே வைத்துக்கொண்ட கட்டுப்பாடு. அதற்காகத் தீபாவளிக்கு வனத்துறை அந்த ஊர்க்காரர்களுக்கு இனிப்பு கொடுத்து மரியாதை செய்கிறது.

கண்மாய்க் கரையில் ஒரு பாட்டி ஆடு மேய்த்துக்கொண்டிருந்தார். “வெடி வெடிக்காம பிள்ளைங்க அழாதா பாட்டி?” என்று பாப்பா கேட்டாள். “அழும். அப்புறம் மத்தாப்பு கொளுத்திக்கிடும்” என்றார். சற்று நேரம் கழித்து, “புள்ளத்தாச்சி வீட்டுல வெடி போடுவாங்களா?” என்றார். கண்மாயைக் கையால் காட்டிவிட்டு ஆட்டுக்குப் பின்னால் போய்விட்டார்.

தை மாதம் கரைவெட்டி. அரியலூர் மாவட்டம். எங்கள் ஊரிலிருந்து லால்குடி, புள்ளம்பாடி வழியாகப் போகலாம். 1999ல் பறவைகள் சரணாலயமானது. 454 ஹெக்டேர் ஏரி. 2024 ஜனவரியில் ஈரநிலங்களுக்கான சர்வதேச ராம்சர் பட்டியலில் இடம் கிடைத்தது. இந்த ஏரிக்கும் ஸ்ரீரங்கத்துக்கும் ஒரு சொந்தம் இருக்கிறது. முக்கொம்புக்கு மேலே வாத்தலையில் காவிரியிலிருந்து பிரிகிற புள்ளம்பாடி வாய்க்கால் தண்ணீர் இங்கே வருகிறது. எங்கள் படித்துறையைத் தொட வேண்டிய தண்ணீரில் ஒரு பங்கு வடக்கே திரும்பி, வறண்ட சீமையைக் கடந்து, இந்த ஏரியில் போய்ச் சேர்கிறது. காவிரியில் தண்ணீர் வராத வருஷம் இங்கே பறவையும் குறைவு. மேட்டூர் அணையைத் திறக்கும் செய்தியைப் படிக்கும்போது குறுவையும் சம்பாவும்தான் எனக்கு ஞாபகம் வரும். இப்போது கரைவெட்டியும் வருகிறது.

அங்கே பார்த்ததில் பட்டைத்தலை வாத்துகளைச் சொல்லியே ஆகவேண்டும். திபெத், மங்கோலியா பக்கத்து மேட்டு ஏரிகளில் குஞ்சு பொரித்துவிட்டு, இமயமலையைத் தாண்டிப் பறந்து வருகிறவை. ஏழாயிரம் மீட்டருக்கு மேலான உயரத்திலும் அவை பறந்ததைக் கருவி பொருத்திக் கண்டறிந்திருக்கிறார்கள். காலை ஏழு மணிக்குப் பனி விலகியதும் ஒரு கூட்டம் தண்ணீரின் நடுவே தெரிந்தது. தலையில் இரண்டு கறுப்புப் பட்டை. அவற்றுக்கு அப்பால் கரையில் ஒருவர் நாற்று மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு போய்க்கொண்டிருந்தார். பறவைகள் தலையைக்கூட நிமிர்த்தவில்லை.

போக நினைப்பவர்களுக்குச் சில விஷயம். கரைவெட்டிக்கும் வேட்டங்குடிக்கும் கார்த்திகை முதல் மாசி வரை நல்லது. விடியும்போது அங்கே இருக்கவேண்டும். பத்து மணிக்கு மேல் வெயிலும் தூரமும் சேர்ந்து ஒன்றும் தெரியாது. இருநோக்கி இருந்தால் எடுத்துப் போங்கள், ஒன்றை வாங்கி நாலு பேர் பகிர்ந்தாலும் போதும். பளிச்சென்ற நிறத்தில் உடுத்தாதீர்கள். வண்ணத்துப்பூச்சிப் பூங்காவுக்கு மழை விட்ட மறுவாரம் போங்கள்.

கடவூருக்குப் போங்கள், பகலில் போங்கள். ஒரு கோடை மழை பெய்து எட்டாம் நாள் போனால் அந்தச் சாம்பல் மலை என்ன ஆகிறதென்று பார்க்கலாம்; நாங்கள் வைகாசியில் இரண்டாவது தடவை போய்ப் பார்த்தோம், பெரியவர் கணக்கு ஒரு நாள்கூடத் தப்பவில்லை. ஆனால் தேவாங்கைப் பார்க்கவேண்டும் என்று ராத்திரி வெளிச்சத்தைத் தூக்கிக்கொண்டு போகவேண்டாம். அந்த இரண்டாவது தடவை, பெரிய விளக்குகளோடு படம் பிடிக்க வந்த ஒரு கூட்டத்தைப் பார்த்தோம். வேலியை உலுக்கினார்கள். எங்களுக்குக் காட்டியவர் பக்கத்து ஊர்க்காரர்களைக் கூட்டிவந்து அவர்களைத் திருப்பி அனுப்பினார். அன்றிரவு எந்தக் கிளையில் எந்தக் குட்டி காத்துக்கொண்டிருந்ததோ என்று எனக்குத் தூக்கம் வரவில்லை. அவர் வேலி எந்த ஊரில் இருக்கிறது என்று யார் கேட்டாலும் நான் சொல்லப்போவதில்லை. இங்கே எழுதாததும் அதனால்தான்.

உங்களுக்கு மானாவாரி நிலம் இருந்து, அதற்கு உயிர்வேலி இருந்தால், கம்பி வேலி போடுவதற்கு முன்னால் ஒருமுறை ராத்திரி அதன் ஓரம் நின்று கேளுங்கள். விசில் சத்தம் கேட்டால், மலைப் பக்கத்து வேலியை மட்டுமாவது விட்டுவையுங்கள்.

போன வாரம் பெரியவரோடு போனில் பேசினேன். இந்த வருஷம் மகன் தெற்குப் பக்கம் கல்லுக்கால் ஊனிவிட்டானாம். மலைப் பக்கமும் மேற்குப் பக்கமும் கிளுவை அப்படியே இருக்கிறதாம். “தெக்கால கம்பியிலயும் கோவக்கொடி ஏத்திவிட்டிருக்கேன். மழை வந்தா மூடிக்கும்” என்றார். போனைப் பாப்பா வாங்கிக்கொண்டாள். கம்பியைப் பிடித்து அதனால் நடக்க முடியுமா என்று கேட்டாள். அவர் தெரியவில்லை என்றார். மழைக்குப் பிறகு பார்த்துச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார்.